முட்டை இல்லாத ‘எக்’

‘எக் ஆன்’ என்ற ஆங்கில வினைக்கும் முட்டைக்கும் உறவு எதுவும் இல்லை. செய்யத் தயங்கி நிற்கும் ஒருவரை, பெரும்பாலும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்யும்படி, பக்கத்தில் நின்று ஏற்றிவிடுவதுதான் அதன் பொருள். எழுத்துத் தமிழில் ‘தூண்டிவிடு’ என்பார்கள்; பேச்சில் ‘உசுப்பேத்து’, ‘ஏத்திவிடு’. இவற்றில் ‘உசுப்பேத்து’தான் மிக நெருங்கி வருகிறது. 2003இல் வெளிவந்த ‘வின்னர்’ படத்தில் வடிவேலு நடித்த கைப்புள்ளையை நினைத்துக்கொண்டால் பொருள் பாதி விளங்கிவிடும். தான் ஒரு வீரன் என்ற நினைப்பு அவருக்கே கொஞ்சம் உண்டு. கூட இருப்பவர்கள் அதை ஊதிப் பெரிதாக்குகிறார்கள். அடி மட்டும் அவருக்கு.

இனி கொஞ்சம் பக்கத்தில் வரலாம். பினாங்கின் செபராங் ஜெயாவில் ஒரு மாமாக் கடை, இரவு பதினொன்றுக்கு மேல். மேசையில் நான்கு பையன்கள், நான்கு தே தாரிக். வெளியே இரண்டு மோட்டார்சைக்கிள்கள், ஒன்று புதுசு. “மச்சான், இந்த டிராபிக் லைட்லேர்ந்து அந்த டிராபிக் லைட் வரைக்கும், யாரு முதல்ல?” என்று ஒருவன் ஆரம்பிக்கிறான். புது வண்டிக்காரன் சிரித்து மழுப்புகிறான். “விடுடா, அவன் வரமாட்டான்லா, வீட்ல அம்மா திட்டும்.” “பயமாடா?” “ஏறுடா, நாங்க இருக்கோம்ல.” ஐந்தாவது நிமிடம் அவன் சாவியை எடுக்கிறான். மறுநாள் இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வந்தால் ஒரே வாக்கியம் போதும்: ‘ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ் எக்டு ஹிம் ஆன்.’

அந்த மேசையில் யாரும் அவனை மிரட்டவில்லை, ஏமாற்றவில்லை, திட்டவும் இல்லை. எல்லோரும் நண்பர்கள். வண்டியை ஓட்டிப் பார்க்கும் ஆசை அவனுக்கே உள்ளூர இருந்தது. இல்லாவிட்டால் மழுப்பியிருக்க மாட்டான், நேராக மறுத்திருப்பான். ஏற்றிவிட்டவர்களில் ஒருவரும் அவன் வண்டியில் ஏறவில்லை. இந்த நிலை முழுவதையும் ‘எக் ஆன்’ தனக்குள் வைத்திருக்கிறது. இதில் ஏதாவது ஒன்று மாறினாலும் ஆங்கிலம் வேறு வினையைத் தேடிப் போகும். தமிழ் மாணவர்கள் இடறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எந்தக் கரையில் நிற்கிறார்?

ஆங்கில–தமிழ் அகராதியைத் திறந்தால் ‘ப்ரவோக்’, ‘இன்சைட்’, ‘இன்ஸ்டிகேட்’, ‘கோட்’, ‘எக் ஆன்’ எல்லாவற்றுக்கும் எதிரே ‘தூண்டு’ என்று இருக்கும். அது பிழையில்லை. ஆனால் தமிழில் ‘தூண்டு’ மிகப் பரந்த சொல். விளக்குத் திரியை மேலே தள்ளி ஒளியைக் கூட்டுவதும் தூண்டுதல்தான். தூண்டாமணி விளக்கு என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நல்ல ஆசிரியர் ஒரு மாணவருக்குத் தூண்டுகோலாக இருந்தார் என்றால் அது பாராட்டு. கலவரத்தைத் தூண்டினார் என்றால் குற்றச்சாட்டு. ஒரே சொல் இரண்டு வேலைகளையும் செய்கிறது. ஆங்கிலம் அப்படிச் செய்வதில்லை; அது வேலைக்கு ஒரு சொல் வைத்திருக்கிறது.

எந்தச் சொல் எங்கே என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி உதவும்: தூண்டுபவர் எந்தக் கரையில் நிற்கிறார்? செபராங் என்ற மலாய்ச் சொல்லுக்கு எதிர்க்கரை என்று பொருள். ஜார்ஜ் டவுனில் நின்று பார்த்தால் கடலுக்கு அப்பால் இருக்கும் பெருநிலம் செபராங். சீண்டுபவர் எப்போதும் செபராங்கில் நிற்பவர். அவர் எதிராளி, அவருடைய சொல்லால் வரும் கோபம் அவர் மேலேயே திரும்பும். அதற்கு ‘ப்ரவோக்’. ‘எக் ஆன்’ செய்பவரோ இதே கரையில், தோளில் கைபோட்டு நிற்பவர். அவர் மேல் யாருக்கும் கோபம் வராது, குறைந்தது அந்த நேரத்தில்.

உலகம் முழுக்கப் பார்த்த ஒரு காட்சி இந்த வேறுபாட்டைக் காட்டும். 2006 ஜூலை 9, பெர்லின், உலகக் கிண்ணக் கால்பந்து இறுதியாட்டம். பிரான்சும் இத்தாலியும் சமநிலையில் இருக்க, கூடுதல் நேரத்தில், 110ஆவது நிமிடத்தில் பிரெஞ்சு அணித்தலைவர் ஜினடின் ஜிடேன் திரும்பி வந்து மார்கோ மட்டெராஸியின் மார்பில் தலையால் முட்டினார். சிவப்பு அட்டை. மட்டெராஸி ஜிடேனுடைய சகோதரியைப் பற்றி இழிவாகப் பேசியிருந்தார். மட்டெராஸி ‘எக் ஆன்’ செய்தார் என்று இங்கே சொல்லவே முடியாது. ‘மட்டெராஸி ப்ரவோக்டு ஜிடேன்’ அல்லது ‘கோடட் ஹிம் இன்டு இட்’ என்பதே சரி. மட்டெராஸி எதிரணி, முட்டு வாங்கியதும் அவரே. ஜிடேனின் சொந்த அணியினர் யாராவது பின்னால் நின்று ‘விடாதே, போய்க் கொடு’ என்று சொல்லியிருந்தால், அதுதான் ‘எக் ஆன்’ ஆகியிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை.

கூர் தீட்டும் சொல்

முட்டை இல்லை என்றால் இந்த ‘எக்’ எங்கிருந்து வந்தது? ஸ்காண்டிநேவியாவிலிருந்து. வைக்கிங்குகள் 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறினார்கள். அவர்களுடைய பழைய நோர்ஸ் மொழியில் ‘எக்யா’ என்றால் தூண்டிவிடுதல். அதன் வேரான ‘எக்’ என்பதற்குக் கத்தியின் விளிம்பு, கூர் என்று பொருள். இன்று ஆங்கிலத்தில் விளிம்பைக் குறிக்கும் ‘எட்ஜ்’ அதன் உறவுச் சொல். ஒருகாலத்தில் ஆங்கிலத்திலேயே ‘எட்ஜ் ஆன்’ என்றும் சொல்லிவந்தார்கள். ஆக, ஒருவரைக் கூர் தீட்டிவிடுவதுதான் இந்த வினையின் அடிப்படை.

தமிழருக்கு இது புதிதல்ல. ‘கொம்பு சீவிவிடு’ என்கிறோம். மோதலுக்கு முன் ஆட்டுக்கோ மாட்டுக்கோ கொம்பைச் சீவிக் கூராக்கி அனுப்பும் பழக்கத்திலிருந்து வந்த வழக்கு அது. வடகடலில் கத்தி, தமிழ்நாட்டில் கொம்பு. தீட்டுகிறவர் ஒருவர், மோதப்போகிறவர் வேறொருவர் என்ற ஏற்பாடு மட்டும் இரண்டு இடத்திலும் மாறவில்லை. ‘எக் ஆன்’ என்ற சொல் நினைவில் நிற்க வேண்டுமானால் முட்டையை மறந்துவிட்டுக் கொம்பைப் பிடித்துக்கொள்வது நல்லது.

நோர்ஸ் மக்களின் கதைகளில் இந்தக் கூர் தீட்டும் வேலை பெரும்பாலும் பெண்களிடம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட நியால் சாகாவில், கணவனைக் கொலைக்குப் பறிகொடுத்த ஹில்டிகுன் என்பவள் அவன் இரத்தம் உறைந்த மேலங்கியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். தன் சிற்றப்பன் முறையான ஃப்ளோஸி வீட்டுக்கு வரும்போது அதை அவர்மேல் வீசுகிறாள். சட்டப்படி தீர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் இருந்தவர் அவர். அந்த வீச்சு நியாலின் வீட்டுக்குத் தீவைப்பதில் போய் முடிகிறது.

சாப்பிடும் முட்டைக்கான ‘எக்’ என்ற சொல்லும் நோர்ஸிலிருந்தே ஆங்கிலத்துக்கு வந்தது என்பது ஒரு வேடிக்கை. இரண்டும் ஒரே கப்பலில் வந்த வெவ்வேறு ஆட்கள். ஆங்கிலத்தின் சொந்த முட்டைச் சொல் ‘ஐ’, பன்மையில் ‘ஐரன்’. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் காக்ஸ்டன் 1490இல் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் இதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றில் காற்றுக்குக் காத்திருந்த வணிகர்கள் கரையிறங்கிப் போய், ஒரு வீட்டுக்காரம்மாவிடம் ‘எக்ஸ்’ கேட்டார்கள். தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். கேட்டவருக்குக் கோபம்; அவருக்கும் பிரெஞ்சு தெரியாதே. இன்னொருவர் ‘ஐரன்’ என்று கேட்ட பிறகுதான் புரிந்தது. ஒரே நாட்டுக்குள் முட்டைக்கு இரண்டு சொல். கடைசியில் வைக்கிங் சொல் வென்றது. அதனால்தான் இன்றைக்கு முட்டையும் தூண்டலும் ஒரே எழுத்தில் எழுதப்பட்டுக் குழப்புகின்றன.

குழப்பத்தைக் கூட்டும் இன்னும் இரண்டு பயன்பாடுகள் உண்டு. ‘ஆன்’ இல்லாமல் ‘தே எக்டு த கார்’ என்றால் காரின் மேல் முட்டை வீசினார்கள் என்று பொருள். அங்கே நிஜ முட்டை. ‘எக் ஆன் ஹிஸ் ஃபேஸ்’ என்றால் முகத்தில் அசடு வழிய நிற்பது. அங்கேயும் முட்டைதான், வினை இல்லை. மாமாக் கடை நண்பர்கள் ‘டோண்ட் பி எ சிக்கன்’ என்று கோழையைக் கோழியாக்குவது தனிக் கதை. கோழிக்கும் இந்த ‘எக்’குக்கும்கூட உறவில்லை.

வாக்கியத்தில் உட்காரும் இடம்

முதலில் உச்சரிப்பு. தமிழ் எழுத்தில் ‘எக்’ என்று எழுதினாலும் கடைசி ஒலி ‘பக்கம்’ என்பதில் வரும் ககரம் அல்ல. ‘தங்கம்’ என்பதில் வரும் மெல்லிய ககரம். இறந்தகாலம் ‘எக்டு’, தொடர்நிலை ‘எகிங்’; ‘எக்’கில் ஏற்கெனவே இருக்கும் இரட்டை ‘ஜி’ எழுதும்போது இரண்டிலும் அப்படியே நிற்கும். பேசும்போது அழுத்தம் ‘எக்’கில் அல்ல, ‘ஆன்’ மேல் விழும்.

அடுத்தது சொல் வரிசை. இது பிரியும் வினை. ஏற்றிவிடப்படுபவர் ‘எக்’குக்கும் ‘ஆன்’னுக்கும் நடுவில் உட்காருவார். அவனை, அவளை, என்னை என்று மூவிடப்பெயராக இருந்தால் நடுவில் மட்டும்தான் இடம். ‘எக் ஹிம் ஆன்’ சரி. ‘எக் ஆன் ஹிம்’ தவறு. இந்தத் தவறு காதுக்கும் வேடிக்கை: அவன்மேல் முட்டை இருக்கிறது என்பதுபோல் கேட்கும். பெயர்ச்சொல்லாக இருந்தால் இரண்டு வரிசையும் செல்லும். ‘எக் த பாய்ஸ் ஆன்’, ‘எக் ஆன் த பாய்ஸ்’. இருந்தும் நடுவில் வைப்பதே பாதுகாப்பு.

என்ன செய்யும்படி ஏற்றிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டுமானால் பின்னால் ‘டு’ சேர்த்து வினை வரும்: ‘தே எக்டு ஹிம் ஆன் டு ரேஸ்.’ சொல்லாமலும் விடலாம். முன்வாக்கியத்திலேயே விஷயம் தெரிந்திருந்தால் விடுவதே அழகு. இது ஒரு தடவை சொல்லி ஓய்வதையும் அவ்வளவாகக் குறிப்பதில்லை. விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அதன் இயல்பு; ஆகவே ‘கெப்ட் எகிங் ஹிம் ஆன்’ என்று ‘கீப்’ வினையோடு அடிக்கடி ஜோடி சேரும்.

ஏற்றிவிடப்படுவது மனிதராக இருக்க வேண்டும். கலவரத்தை, கோபத்தை, வெறுப்பை ‘எக் ஆன்’ செய்ய முடியாது. கலவரத்துக்கு ‘இன்சைட்’, வெறுப்புக்கு ‘ஸ்டர் அப்’, கூட்டத்தின் உணர்ச்சிக்கு ‘விப் அப்’. தமிழில் ‘கலவரத்தைத் தூண்டினார்’, ‘அவனைத் தூண்டினார்’ என்று இரண்டுக்கும் ஒரே வினை போதும் என்பதால் இந்த எல்லை எளிதில் மறந்துபோகும்.

நாளிதழ்களிலும் கதைகளிலும் அதிகம் தென்படுவது செயப்பாட்டு வடிவம்: ‘எக்டு ஆன் பை ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ்’. எஸ்பிஎம் தேர்வின் ஆங்கிலத் தாளில் கதை எழுதும் மாணவருக்கு இது கைகொடுக்கும். ‘எக்டு ஆன் பை ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ், ஹி ஸ்டார்ட்டட் த எஞ்சின்’ என்று தொடங்கினால் ஒரே வாக்கியத்தில் பின்னணியும் செயலும் வந்துவிடும். ஆனால் காற்புள்ளிக்குப் பிறகு வரும் எழுவாய் ஏற்றிவிடப்பட்ட ஆளாகவே இருக்க வேண்டும். அங்கே ‘த மோட்டார்சைக்கிள்’ என்று தொடங்கினால் நண்பர்கள் மோட்டார்சைக்கிளை உசுப்பேற்றியதாக ஆகிவிடும். திருத்துபவர் மதிப்பெண்ணைக் குறைப்பார், சிரித்துக்கொண்டே.

‘ஆன்’ என்ற சிறு சொல்லின் வேலையும் கவனிக்கத்தக்கது. ‘கோ ஆன்’, ‘கேரி ஆன்’ ஆகியவற்றில் இருப்பதுபோல, நிற்காமல் மேலே போ என்பதை அது சேர்க்கிறது. தமிழில் அந்த இடத்தில் நிற்பது ‘விடு’. ஏற்றிவிடு, உசுப்பிவிடு, மூட்டிவிடு, கிளறிவிடு, சீவிவிடு என்று இந்தக் குடும்பத்து வினைகள் பல ‘விடு’ வாலோடுதான் நடக்கின்றன. இரண்டு மொழிகளும் பார்க்கும் திசை வேறு. ஆங்கிலத்தின் ‘ஆன்’ ஏற்றிவிடப்பட்டவன் எவ்வளவு தூரம் போகிறான் என்று பார்க்கிறது. தமிழின் ‘விடு’ ஏற்றிவிட்டவர் கையைக் கழுவிக்கொண்டு விலகுவதைப் பார்க்கிறது. இதில் தமிழுக்குத்தான் கண் கூர்மை என்று தோன்றுகிறது.

அக்கம்பக்கத்து வினைகள்

பள்ளியில் மலாயும் படிக்கும் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. மலாயில் ‘பத்து அப்பி’ என்றால் சண்டை மூட்டிவிடும் ஆள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் தீக்கல். பத்துமலையில் இருக்கும் அதே ‘பத்து’தான், கல். ‘மெங்அப்பி-அப்பிக்கான்’ என்றால் நெருப்பை விசிறிவிடுவதுபோல் ஒருவரை ஏற்றிவிடுதல். ‘எக் ஆன்’னுக்கு மலாயில் கிடைக்கும் மிக நல்ல இணை இது. ‘ஹாசுட்’ கடுமையான சொல். 1948ஆம் ஆண்டு தேசநிந்தனைச் சட்டத்தின் மலாய்ப் பெயர் ‘அக்தா ஹாசுத்தான்’. அங்கே ‘எக் ஆன்’ நிற்காது, ‘இன்சைட்’ போன்ற கனமான சொல்தான் நிற்கும்.

‘கோட்’ என்ற வினையைத் தாற்றுக்கோல் என்று நினைத்துக்கொள்ளலாம். மாடு ஓட்டும் கூர்க்கழிக்கு ஆங்கிலத்தில் அதே பெயர். பின்னாலிருந்து குத்திக் குத்தி, வேண்டாத பக்கம் நகர வைப்பது. கேலி, அவமானம், மறுபடி மறுபடி குத்தல் எல்லாம் இதில் உண்டு. பின்னால் ‘இன்டு’ வரும்: ‘கோடட் ஹிம் இன்டு ஃபைட்டிங்’. நண்பனும் செய்யலாம், எதிரியும் செய்யலாம். ‘பயமாடா?’ என்று நண்பன் குத்தும்போது ‘கோட்’டும் ‘எக் ஆன்’னும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.

‘வைண்ட் அப்’ வேறு வகை. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் ஒருவருக்குக் கோபத்தை முறுக்கேற்றுவது. தமிழில் ‘வெறுப்பேத்து’, ‘கடுப்பேத்து’. பெரும்பாலும் விளையாட்டுக்காக. காற்றைக் குறிக்கும் ‘விண்ட்’ போல உச்சரித்தால் பொருள் போய்விடும். ‘வைண்ட்’ என்றே சொல்ல வேண்டும், இறந்தகாலம் ‘வவுண்ட்’. இது பிரிட்டிஷ் வழக்கு. மலேசிய நாளிதழ்களில் கம்பெனிகள் பற்றி வரும் ‘வைண்டிங் அப்’ அறிவிப்புகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே கடையைக் கட்டுகிறார்கள். ‘டிக் ஆஃப்’ என்பதிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது: அமெரிக்கர் சொன்னால் எரிச்சலூட்டுதல், பிரிட்டிஷார் சொன்னால் கண்டித்தல்.

‘ஸ்டர் அப்’ நாரதர் வேலை. குழம்பைக் கிளறுவதுபோல் அடியில் படிந்ததை மேலே கொண்டுவருவது. பின்னால் ‘டிரபிள்’, ‘ஹேட்ரட்’ போன்ற சொற்கள் வரும். இரண்டு பேருக்கு இடையில் சிண்டு முடிவதற்கு ‘செட் ஒன் அகெய்ன்ஸ்ட் த அதர்’. இவை இரண்டிலும் தூண்டுபவர் எந்தக் கரையிலும் நிற்பதில்லை, பாலத்தில் நிற்கிறார்.

‘புட் அப் டு’ என்பதைத்தான் தமிழ் மாணவர்கள் ‘எக் ஆன்’னோடு அதிகம் குழப்புகிறார்கள். ஒரு சின்னப் பையன் வகுப்பில் ஆசிரியரிடம் ஏடாகூடமாக ஏதோ கேட்கிறான். அது அவன் மூளையில் உதித்ததல்ல என்று ஆசிரியருக்குத் தெரியும். ‘யாருடா இப்படிச் சொல்லிக்கொடுத்து அனுப்பினது?’ என்கிறார். ஆங்கிலத்தில் அது ‘ஹூ புட் யூ அப் டு திஸ்?’. யோசனையே வேறொருவருடையது என்றால் ‘புட் அப் டு’. யோசனையோ ஆசையோ அவனிடமே கொஞ்சம் இருந்து, பிறர் அதை வளர்த்தால் ‘எக் ஆன்’.

இதைப் பிடிக்க இரண்டு பழைய பெண்கள் உதவுவார்கள். கம்பனின் கைகேயி, இராமனுக்கு முடிசூட்டு என்ற செய்தியைக் கேட்டதும் மகிழ்ந்து மந்தரைக்கே மாலையைப் பரிசாகக் கொடுக்கிறாள். பரதன் அரசாள வேண்டும் என்ற எண்ணம் அவளிடம் இல்லை. கூனிதான் அதை நுழைக்கிறாள். ஆகவே மந்தரை ‘புட் ஹர் அப் டு இட்’. ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் நிலைமை தலைகீழ். அரசனாகும் ஆசை மெக்பெத்துக்கு முன்பே இருக்கிறது; கொலை என்று வரும்போது கால் பின்வாங்குகிறது. மனைவி அவன் ஆண்மையைக் கேள்வி கேட்டு முன்னே தள்ளுகிறாள். ‘லேடி மெக்பெத் எக்டு ஹிம் ஆன்’ என்று சொன்னால் பிசகில்லை. மந்தரை நுழைத்த எண்ணத்துக்குக் கைகேயி மெல்ல மெல்ல இணங்கத் தொடங்கும் இடத்திலிருந்து மந்தரையின் பேச்சுக்கும் ‘எக் ஆன்’ பொருந்திவிடும் என்று ஒருவர் வாதிடலாம். வாதிடட்டும், வினையின் எல்லை அவருக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

நல்ல காரியத்துக்கு இந்த வினை ஆகாது. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலையில் காவடி எடுத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறுபவருக்குச் சுற்றத்தார் ‘வேல் வேல்’ என்று குரல் கொடுக்கிறார்கள். அவர் கால் தளரும்போது அந்தக் குரல்தான் ஏற்றுகிறது. அதை ‘எக்டு ஹிம் ஆன்’ என்று எழுதினால் காவடி எடுத்தது ஏதோ அசட்டுத் துணிச்சல் என்பதுபோல் தொனிக்கும், உறவினர்களுக்கும் வருத்தம். ‘சியர்டு ஹிம் ஆன்’ அல்லது ‘அர்ஜ்டு ஹிம் ஆன்’ என்பதே பொருத்தம். ‘ஆன்’ மூன்றிலும் ஒன்றுதான். முன்னால் வரும் வினை மாறும்போது மரியாதையும் மாறுகிறது.

நீதிமன்றத்தில் இந்தச் சொல்

‘எக் ஆன்’ பேச்சுநடைச் சொல். நண்பருக்கு எழுதும் கடிதம், கதை, நாளிதழ்ச் செய்தி வரை வரலாம். போலீஸ் புகாரிலும் வழக்கிலும் அதன் இடத்தில் ‘இன்ஸ்டிகேட்’, ‘அபெட்’ உட்காரும். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 107ஆவது பிரிவு, ஒரு செயலுக்கு உடந்தையாவதன் முதல் வழியாக ‘இன்ஸ்டிகேட்’ செய்வதைச் சொல்கிறது. அந்தப் பிரிவின் வேர் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். பினாங்கும் எதிர்க்கரையிலிருந்த ப்ராவின்ஸ் வெல்லெஸ்லியும், அதாவது இன்றைய செபராங் பிறை, நீரிணைக் குடியேற்றங்களின் பகுதிகளாக இருந்த 19ஆம் நூற்றாண்டில், அங்கிருந்து இங்கு வந்தது. ‘இன்ஸ்டிகேட்’ என்ற லத்தீன் வழிச் சொல்லின் உள்ளேயும் குத்தும் கூர் ஒன்று இருக்கிறது. கத்தி, கொம்பு, தாற்றுக்கோல் வரிசையில் அதையும் சேர்க்கலாம்.

இரண்டு கரைகளின் வேறுபாடு சட்டத்திலும் தெரிகிறது. கடுமையான, திடீர்ச் சினமூட்டலால் தன்வசம் இழந்து ஒருவர் கொலை செய்தால், 300ஆவது பிரிவின் முதல் விதிவிலக்கு அதைக் கொலைக் குற்றத்திலிருந்து ஒரு படி கீழே இறக்குகிறது. அமைதி குலையும்படி வேண்டுமென்றே அவமதித்துச் சினமூட்டுபவருக்கு 504ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. இரண்டும் ‘ப்ரவோக்’ கரையைச் சேர்ந்தவை. ‘நண்பர்கள் ஏற்றிவிட்டார்கள்’ என்று சொல்பவருக்கு அப்படி ஒரு விதிவிலக்கு இல்லை. அந்தப் பதில் அவரைக் காப்பாற்றாது; மாறாக, ஏற்றிவிட்டவர்களையும் 107 வழியாக உள்ளே இழுத்துவரலாம். புகார் எழுதும்போது சீண்டினானா, ஏற்றிவிட்டானா என்று சொல்லைப் பொறுக்கி எழுத வேண்டியது இதனால்தான்.

பழகிப் பார்க்க

‘கூட்டம் கைதட்டக் கைதட்ட அவன் இன்னும் உயரத்தில் ஏறினான்’ என்பது நேரடியாகப் பொருந்தும்: ‘எக்டு ஆன் பை த கிரௌட், ஹி கிளைம்டு ஹையர்.’ ‘சும்மா இருப்பவனைச் சீண்டாதே’ என்பதற்கு ‘எக் ஆன்’ வராது. ‘டோண்ட் ப்ரவோக் ஹிம்’. ‘டீச்சர் கொடுத்த ஊக்கத்தில்தான் மேடை ஏறினேன்’ என்பதற்கு ‘மை டீச்சர் என்கரேஜ்டு மீ’. இங்கே ‘எக்டு மீ ஆன்’ என்று எழுதினால் டீச்சர் ஏதோ வம்பில் மாட்டிவிட்டதுபோல் ஆகும். ‘அண்ணன் தம்பிக்குள் சிண்டு முடிந்துவிட்டது அந்தப் பெரியம்மாதான்’ என்பது ‘செட் த பிரதர்ஸ் அகெய்ன்ஸ்ட் ஈச் அதர்’.

கடைசியாக, மாமாக் கடைப் பையனிடம் திரும்பலாம். புது வண்டியின் முன்பக்கம் நொறுங்கியிருக்கிறது, அவன் கையில் மாவுக்கட்டு. வீட்டுக்குப் பார்க்க வந்த நண்பர்களிடம் அவன் அம்மா கேட்கிறார்: “நீங்கதான்டா அவன ஏத்திவிட்டீங்க?” ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “இல்ல ஆன்ட்டி, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னோம்” என்கிறான். ஆங்கிலத்தில் அம்மாவின் வாக்கியம் ‘யூ பாய்ஸ் எக்டு ஹிம் ஆன், டிடின்ட் யூ?’. பையனின் பதில், ‘நோ, ஆன்ட்டி, வி வேர் ஒன்லி ஜோக்கிங்’. அம்மாவின் வாக்கியத்தில் மட்டும் உச்சரிப்பு விதி கொஞ்சம் தளரும்: அழுத்தம் ‘ஆன்’னை விட்டு முன்னால் நகர்ந்து ‘யூ’வின் மேல் விழும்.